லோர்னா போட்டு நடக்கும் சட்டைகள்

பேக்கரி வாசலில் லோர்னா பிக்கட் நிற்கிறாள். அவள் மேல் டால்பி கிழவரின் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை. டால்பியைப் போன மாதம்தான் அடக்கம் செய்தோம். உள்ளே இருக்கும் பெண் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. டால்பி காலமெல்லாம் வாங்கிய திராட்சை பன்னைக் காகிதத்தில் சுற்றி நீட்டுகிறாள். லோர்னாவுக்குத் திராட்சை ஆகாது. ஆனாலும் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, டால்பி நடக்கும் நிழல் ஓரமாகவே தெருவில் இறங்குகிறாள். அவள் இடது கை சட்டைப் பைக்குள் இருக்கிறது. அவரும் அப்படித்தான் வைத்திருப்பார்.

எங்கள் பிரிம்பூலில் இது புதிதல்ல. லோர்னா செத்தவர்களின் துணியில் போர்வை தைக்கிறவள். கத்தரி வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துணியையும் ஒரு பகல் முழுக்கப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வருவாள். அன்றைக்கு அவள் வாய் திறக்க மாட்டாள். அவளையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இதெல்லாம் யாரும் கூடிப் பேசி வைத்த விதியல்ல, எப்படியோ அமைந்துவிட்டது. வங்கிக்குப் புதிதாக வந்த ஒருவர் விவரம் தெரியாமல் "குட் மார்னிங் லோர்னா" என்று சொல்லிவிட்டார். தெருவே நின்று அவரைத் திரும்பிப் பார்த்தது. மாற்றல் வாங்கிப் போகும்வரை அவர் அந்தப் பார்வையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று டால்பியின் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணைக்கு என் மனைவி வசந்தா போயிருந்தாள். புருஷனின் சட்டை முதுகைக் காட்டிக்கொண்டு போவதைப் பார்த்து அந்த அம்மாள் அழவில்லை. "நடை சரியில்ல," என்றாளாம். "இவர் இன்னும் கொஞ்சம் வேகமாப் போவாரு. முழங்கால் வலிச்சாலும் காட்டிக்க மாட்டாரு." வசந்தா அதை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அடுத்த சுற்றில் லோர்னா வேகமாக நடந்தாள். வசந்தா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.

நான் இந்த ஊர் அஞ்சலகத்தை நடத்துகிறேன். கோதுமை, செம்மறி ஆடு, ரயில் பாதை ஓரம் தானியம் கொட்டும் உயரமான சேமிப்புக் கலன்கள், இவற்றுக்கு நடுவே என் கவுண்டர். லோர்னாவுக்கு வரும் பொட்டலங்கள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன. அடிலெய்டிலிருந்து, பெண்டிகோவிலிருந்து, கடலோர ஊர்களிலிருந்தெல்லாம் வரும். பொட்டலம் லேசாக அமுங்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். நாங்கள் பிறந்த ஊர்ப் பக்கத்தில் செத்தவர் துணியை ஆற்றோடு விடுவார்கள், இல்லையென்றால் ஆள் தெரியாதவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இங்கே அது தபாலில் திரும்ப வருகிறது. "அதைப் பிஸ்கட் அலமாரிப் பக்கம் வைக்காதீங்க," என்பாள் வசந்தா. நான் தைரியசாலி போல அங்கேயே வைப்பேன், அவள் தலை மறைந்ததும் எடுத்து வெளி வராந்தாவில் வைப்பேன்.

லோர்னாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். நெட்டையான, சதை பிடிக்காத உடம்பு. அகலமான தோளெலும்பு. யாருடைய சட்டையும் அவள் மேல் தொங்கும், குளிர்காலமென்றால் தன் கம்பளிக்கு மேலேயே மாட்டிக்கொள்வாள். முன்பு ஆட்டு ரோமக் கொட்டகைகளில் ரோமத்தைத் தரம் பிரித்தவள். அந்த எண்ணெய் ஊறி ஊறி, முகத்துக்குப் பொருந்தாத மென்மையோடு இருக்கும் அவள் கைகள். காலருக்கு உள்ளே எப்போதும் ஒரு கோணி ஊசி குத்தியிருக்கும், அதைச் சுற்றி மெழுகு தடவிய சணல் நூல். பேச்சு கரடுமுரடு. தேவாலயப் பாதிரியார் ஒரு முறை அவளிடம், "இப்படி நடந்தா ஜனங்க பயப்படுறாங்கம்மா," என்று பதமாகச் சொன்னார். "பயப்படட்டுமே. நீங்களும் ஞாயித்துக்கிழமை அதுக்குத்தானே பாடுபடுறீங்க," என்றாள்.

ஏன் போட்டு நடக்கிறாய் என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"போட்டுப் பாக்காம வெட்டினா அது வெறும் துணி," என்றாள். "முழங்கைய எங்க ஊனுவான், எந்தத் தோள்ல மூட்டை தூக்குவான், யோசிக்கும்போது எங்க சொறிவான், எல்லாம் துணியில இருக்கு. தேஞ்ச இடம்தான் ஆளு. தேயாத இடம் கடைக்காரனோடது."

தேய்ந்த இடங்களைத்தான் அவள் வெட்டி எடுப்பாள். முழங்கை, காலர் மடிப்பு, பர்ஸ் வைத்து வைத்து வெளுத்த பின்பக்கம். நல்ல துணியைத் துடைப்பதற்குக் கந்தலாகக் கொடுத்துவிடுவாள். பைகளை மூடாமல், உள்ளிருப்பதையும் எடுக்காமல், அப்படியே வைத்துத் தைப்பாள். போர்வைக்கு உள்ளே பஞ்சு கிடையாது, பிரித்த கோதுமைச் சாக்குதான். பஞ்ச காலத்தில் இந்தப் பக்கத்து ஏழை வீடுகளில் அப்படித்தான் போர்வை தைத்தார்களாம். அதனால் அவள் போர்வை கனக்கும். டால்பியின் மனைவி இப்போது அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். தூக்கத்தில் தன் கை தானாக அந்தப் பைக்குள் போய்விடுகிறது என்றும், காலையில் விரல்களில் புகையிலை வாசம் அடிக்கிறது என்றும் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். எனக்குத்தான் முதுகு சில்லிட்டது.

இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு பொட்டலம் கொடுக்கப் போனபோது அதை நேரில் பார்த்தேன். மேசைமேல் ஒரு பெண்ணின் பூப்போட்ட சட்டை விரித்திருந்தது. லோர்னா கத்தரியைக் கையில் எடுத்தாள், குனிந்தாள், சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் காதை வைத்தாள். கண்ணை மூடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"என்ன கேக்குது?" என்றேன், நிமிர்ந்த பிறகு.

"ஒண்ணும் கேக்காது. கேக்கலன்னு நிச்சயம் பண்ணிக்கிட்டுத்தான் வெட்டணும்."

கத்தரி இறங்கிய சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. பொட்டலத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

துணி அனுப்புகிறவர்களுக்கு அவள் சொல்லும் நிபந்தனை ஒன்றுதான். துவைக்கக் கூடாது. துவைத்து வந்தால் அப்படியே திருப்பிவிடுவாள். வாசம் போய்விடும் என்பதற்காக என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மழை நாளில், அஞ்சலகத்தில் வேறு யாரும் இல்லாதபோது, ஒரு பொட்டலத்தைத் திருப்பி அனுப்ப ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டே அவளாகச் சொன்னாள். லென் அவள் புருஷன். தன் கையால் தன்னை முடித்துக்கொண்டவன். அதை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"லென் போன அன்னிக்கு அலமாரியைத் திறந்தேன். எல்லாச் சட்டையும் துவைச்சு, இஸ்திரி போட்டு, பட்டன் மாட்டி, மடிச்சு வச்சிருந்தான். என் ஆயுசுல அவன் இஸ்திரிப் பெட்டியத் தொட்டதில்ல." ஸ்டாம்பைக் கட்டை விரலால் அழுத்தினாள். "முந்தின நாளே நான் அதைப் பாத்துட்டேன், தெரியுமா. பாத்துட்டு சந்தோஷப்பட்டேன். புருஷன் திருந்திட்டான்னு."

ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் போர்வை தைக்கத் தொடங்கியது அந்தச் சட்டைகளில்தான். தேய்ந்த இடத்தை எல்லாம் இஸ்திரிப் பெட்டி நீவிவிட்டதால் எங்கே வெட்டுவது என்றே தெரியவில்லை என்றாள். அந்தப் போர்வை இன்னும் முடியவில்லையாம்.

ஹேன்காக் சகோதரர்களை எங்கள் ஊரில் தனித்தனியாக யாரும் சொல்வதில்லை. மூத்தவன் வார்விக், இளையவன் ரஸ். தாய் தகப்பன் விட்டுப்போன நிலத்தைச் சேர்ந்தே உழுதார்கள், சேர்ந்தே கடன் வாங்கினார்கள், ஒரே பிக்கப் வண்டியில் ஊருக்குள் வந்தார்கள். வார்விக்கின் மனைவி ஷெரில் இருவருக்கும் சேர்த்துத்தான் சமைப்பாள், கிறிஸ்மஸுக்கு இருவருக்கும் சட்டை வாங்குவாள். ரஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விதைப்புக் காலத்தில் ஒரு சாயங்காலம் ரஸ் மேட்டு நிலத்து வேலிக் கதவை மூடாமல் வந்துவிட்டான். ஆடுகள் வெளியேறிவிடுமே என்று வார்விக் நாலு சக்கர மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூடப் போனான். சரிவில் வண்டி கவிழ்ந்து அவன் மேலேயே விழுந்துவிட்டது. ரஸ் தேடிப் போனபோது கதவு மூடியிருந்ததாம். மூடிவிட்டுத் திரும்பும்போதுதான் விழுந்திருக்கிறான்.

அதன் பிறகு ரஸ்ஸை யாரும் குறை சொல்லவில்லை. ஷெரிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும். தபால் எடுக்க வருவான், நன்றி சொல்வான், வண்டியின் பின்தட்டில் வார்விக்கின் ஆடு மேய்க்கும் நாய் பிப்பை ஏற்றிக்கொண்டு போவான். முன்பெல்லாம் என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு கிரிக்கெட் பற்றி வம்பளக்காமல் போகமாட்டான்.

ஷெரில் வார்விக்கின் துணிகளை மூட்டையாகக் கட்டி, ரஸ் கையில்தான் லோர்னாவுக்குக் கொடுத்தனுப்பினாள்.

அந்தக் குளிர்காலத்தில் லோர்னா வார்விக்காக நடந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. வார்விக்குக் கொட்டகை எந்திரத்தில் இடது கை விரல்கள் இரண்டு போய்விட்டன, மணிக்கட்டுப் பட்டனை அவனால் போட முடியாது. ஷெரில் அவன் சட்டைகள் எல்லாவற்றிலும் இடது மணிக்கட்டில் பட்டனை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தாள். லோர்னா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், எங்கே இருந்தாலும் பிப் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து அவள் காலடியிலேயே நடக்கும். அவள் நின்றால் நிற்கும். ரஸ் வண்டிக்குள் உட்கார்ந்தபடி இதைப் பார்ப்பான். இறங்க மாட்டான், நாயைக் கூப்பிடவும் மாட்டான். அண்ணன் போவதைப் பார்க்கிறவன் போல இல்லை, அண்ணன் காத்திருப்பதைப் பார்க்கிறவன் போல இருந்தான்.

ஒரு காலையில் பனி இறங்கித் தெருவை மூடியிருந்தது. எதிரே உரக்கடை வாசலில் ரஸ்ஸின் வண்டி நின்றது, பின்தட்டில் பிப். ஷெரில் என் கவுண்டரில் தபால் பிரித்துக்கொண்டிருந்தாள். பனிக்குள்ளிருந்து லோர்னா வந்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. நாய் எழுந்து நின்றது. குதிக்கவில்லை. அவளைப் பார்த்தது, திரும்பி வண்டிக்குள் இருந்த ரஸ்ஸைப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது. பிறகு முனகத் தொடங்கியது. நாய் அப்படி முனகி நான் கேட்டதில்லை.

லோர்னா நேராக அஞ்சலகத்துக்குள் வந்து ஷெரில் முன்னால் நின்றாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். இரண்டு மணிக்கட்டிலும் பட்டன் இருந்தது.

"இது யாரோடது?" என்றாள்.

செத்தவர் துணியில் இருக்கும்போது அவள் பேசி அன்றுதான் கேட்டேன். ஷெரில் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரஸ்ஸோடது. போன கிறிஸ்மஸுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. தப்பா கலந்திருக்கும் லோர்னா. நான் மூட்டை கட்டும்போது இது இல்லையே."

"மூட்டைக்கு அடியில இருந்துச்சு. மத்ததெல்லாம் அழுக்கு. இது மட்டும் துவைச்சிருந்துச்சு." லோர்னாவின் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "இஸ்திரி போட்டு, எல்லாப் பட்டனும் மாட்டி, மடிச்சு வச்சிருந்தான். தப்பா வர்ற துணி அப்படி வராது."

ஷெரிலுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எனக்கு அந்த மழை நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அண்ணன் போர்வையில் ரஸ் தனக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறான். யாருக்கும் வேலை வைக்காமல் போகத் தயாராகிறவன். ஷெரில் கையிலிருந்த கடிதங்கள் தரையில் கிடந்தன. அவள் கதவை நோக்கி ஓடப் போனாள். லோர்னா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ போனா 'ஒண்ணுமில்ல அண்ணி'ன்னு சொல்லிடுவான். இரு."

தெருவைக் கடந்து போனாள். நானும் ஷெரிலும் வாசலில் நின்றோம். அவள் வண்டிக் கதவைத் திறந்தாள்.

"இறங்கு," என்றாள்.

ரஸ் இறங்கினான். தன் சட்டை தன் முன்னால் நிற்பதைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அது மூட்டையிலயே இருக்கட்டும் லோர்னா," என்றான் மெதுவாக. "தச்சுடுங்க. அவனோட சேத்து."

"உசுரோட இருக்கிறவன் துணிய நான் வெட்டுறதில்ல."

ஷெரில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வேலிக் கதவ நான்தான் மூடாம வந்தேன்," என்றான் ரஸ் கடைசியில்.

"தெரியும். ஊருக்கே தெரியும். முட்டாள்தனம்தான் பண்ணே." லோர்னா சட்டையைக் கழற்றினாள். "கையத் தூக்கு."

"என்னது?"

"கையத் தூக்குடா."

சின்னப் பிள்ளை போலத் தூக்கினான். அவன் போட்டிருந்த கம்பளிக்கு மேலேயே அந்தச் சட்டையை மாட்டிவிட்டாள். இறுக்கமாக இருந்தது, பட்டன்களை இழுத்துப் பிடித்துத்தான் மாட்ட முடிந்தது. காலருக்குள்ளிருந்து கோணி ஊசியை எடுத்தாள். மேல் பட்டனில் தொடங்கி, சட்டையையும் அடியிலிருந்த கம்பளியையும் சேர்த்து, சாக்கு மூட்டையின் வாயைத் தைப்பது போலக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தாள். உடம்பில் இருக்கும் துணியில் ஊசி போடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். செத்தவர் துணியை மட்டுமே தொடும் ஊசி உயிரோடு இருப்பவன் நெஞ்சுக்கு அவ்வளவு பக்கத்தில் போய்வருவதைப் பார்க்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரஸ் அசையவில்லை. அவன் கண்களிலிருந்து நீர் வழிந்து அவள் கையில் விழுந்தது, அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

"இனி கழட்டணும்னா என்கிட்ட வரணும்," என்றாள் தைத்துக்கொண்டே. "சாயங்காலம் வா. கத்தரி என்கிட்ட இருக்கு. நாளைக்கும் தைப்பேன். நாளைக்கும் வரணும்."

"எத்தனை நாளைக்கு?"

"நூல் நிறைய இருக்கு."

அவன் போனான். அன்று சாயங்காலம் ஷெரில்தான் லோர்னா வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். அதற்கு முன்பே பண்ணை வீட்டுத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தாள், மருத்துவரிடமும் பேசியிருந்தாள். வார்விக்கின் போர்வை அறுவடைக்கு முன்னால் முடிந்தது. நீலக் கட்டம் அதில் இல்லை. அது ரஸ்ஸின் மேலேதான் இருக்கிறது, பட்டன் வரிசை நெடுக ஊசி போன துளைகளோடு. இப்போது மறுபடி என் கவுண்டரில் சாய்ந்து நிற்கிறான், என் கிரிக்கெட் அறிவைக் கேலி செய்கிறான். நானும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆனால் லோர்னா என்றதும் என் கண்ணில் நிற்பது அந்தப் பனிக்காலைதான். கடைசிப் பட்டனையும் தைத்து முடித்தாள். கத்தரி கையில் இல்லை, அதனால் பல்லால் நூலைக் கடிக்கக் குனிந்தாள். அவள் கன்னம் அவன் நெஞ்சில் பட்டது. நூல் அறுந்து முனை தொங்கியது. அவள் நிமிரவில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பி, கண்ணை மூடாமல், காதை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள்.